முதலில் வரவேண்டிய சீட்டு

அந்த மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. எல்லா வார்டுகளுக்கும் பொதுவான பெரிய பிரிண்டர் தரைத்தளத்தின் ஆவணப் பிரிவில் இருந்தது. அதன் பக்கத்தில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்ததால் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘பிரிண்டர் அக்கா’. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர், நாற்பதைத் தாண்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்டவர்களிடம், “வயசு எனக்குத்தானே ஆச்சு, கீபோர்டுக்கு இல்லையே” என்றார். வார்டுகளிலிருந்து வருகிற கோப்புகளைப் பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராமே அவர் எழுதியதுதான்.

அதில் ஒரு குறை இருந்தது. முதலில் வந்தது முதலில் அச்சாகும். அவசரம், சாவகாசம் என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது. ரத்த வங்கியிலோ அச்சிட்ட சீட்டைக் காட்டாமல் ஒரு பை ரத்தம்கூட வெளியே வராது.

ஒருநாள் அறுவை சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் மூச்சு வாங்க ஓடிவந்தாள். பிரிண்டரில் நிர்வாகக் கண்காணிப்பாளரின் தளவாடப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. எதிலும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு ‘சீல் சார்’ என்று பெயர்.

“அக்கா, மேல ஒரு உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு. இங்க மின்விசிறி எத்தனைன்னு வந்துக்கிட்டு இருக்கு!”

நர்ஸின் கண் கலங்கியிருந்தது. அக்கா பட்டியலை ரத்து செய்து ரத்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். அக்காதான் சீல் சாரிடம் அகப்பட்டுக்கொண்டார்.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“இனிமே நிறுத்த மாட்டேன் சார். நிறுத்தவே வேண்டாத மாதிரி பண்றேன்.”

சொன்ன கையோடு கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். அச்சு வேலைகளுக்காக யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு ஒன்று, லைப்ரரி என்பார்களே, அதைத்தான் அக்கா பயன்படுத்திவந்தார். ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண் கொடுக்க அதில் வழி இருந்தது. ரத்தச் சீட்டுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஐம்பது என்று எழுதினார். சனிக்கிழமை மதியம் சீல் சார் முன்னிலையில் சோதனை. பிரிண்டரை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் வரிசையில் சேர்த்த பிறகு ஓடவிட்டார். விடுமுறைப் பட்டியல் வந்தது. வருகைப் பதிவேடு வந்தது. கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, ஆடி அசைந்து வந்தது சோதனைச் சீட்டு.

“ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்சா ஆபரேஷனே பண்ணிடலாம்னு நெனச்சீங்களா?” என்றார் சீல் சார்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்குக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்து, லைப்ரரியின் குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். நான்காவது பக்கத்தில் விஷயம் இருந்தது. ஒன்றுதான் மிகக் குறைந்த முன்னுரிமை, உச்சம் தொண்ணூற்றொன்பது. தலையில் அடித்துக்கொண்டார். ‘நான் ரேங்க்னு நெனச்சேன். இது மார்க்!’

எண்ணைத் தொண்ணூற்றொன்பதாக மாற்றியதும் காத்திருந்த வேலைகளையெல்லாம் தாண்டிச் சீட்டு முன்னால் வந்தது. ஆனால் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வேலையை மட்டும் அது தாண்டவில்லை. எழுநூறு பக்கம் ஓடினால் எழுநூறும் முடிய வேண்டும். அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் புலம்பினார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

“ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நான் ஒதுங்கிடுவேன். ஆனா குறுகலான பாலத்துல பாதி ஏறிட்டா? தாண்டுனப்புறம்தான் வழி விட முடியும்.”

“வண்டி சின்னதா இருந்தா?”

“பொசுக்குன்னு தாண்டிடும்.”

அக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். பெரிய கோப்பு எதுவானாலும் பத்துப் பத்துப் பக்கமாகத் துண்டுபோட்டு அனுப்பும்படி புரோகிராமை மாற்றினார். துண்டுகளுக்கெல்லாம் ஒரே முன்னுரிமை எண் என்பதால் அவை வந்த வரிசையிலேயே அச்சாயின, பக்க வரிசை குலையவில்லை. இந்த முறை சோதனையில் எந்தக் கோளாறும் வரவில்லை. பெரிய டாக்டர் அனுமதி கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சீல் சார் பிரிண்டர் அருகிலேயே நின்று தன் ஆண்டறிக்கையைச் சேகரித்துக்கொண்டிருந்தார். இருநூற்று முப்பதாம் பக்கம் வந்தது. அடுத்து அறிக்கை வரவில்லை. பிரசவ வார்டின் ரத்தச் சீட்டு வந்தது. குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அக்கா நாற்காலியை விட்டு எழுவதற்குள் சீல் சார் சீட்டை உருவினார். அறிக்கைத் தாள்கள் தரையெல்லாம் சிதறின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பை குலுங்க, செருப்பு ஒன்று கழன்று விழ, ரத்த வங்கி வரை தாழ்வாரம் முழுக்க ஓடினார்.

தாயும் பெண்குழந்தையும் நான்காம் நாள் நலமாக வீடு திரும்பினார்கள். வாராந்தரக் கூட்டத்தில் பெரிய டாக்டர், “சீட்டு ஒரு நிமிஷத்துல வந்துச்சாமே, யார் வேலை?” என்று கேட்டார். சீல் சார் எழுந்தார்.

“எழுதுனது அக்கா. நான் ஓடுனது மட்டும்தான்.”

கூட்டம் சிரித்தது. பிறகு கைதட்டல் வந்தது. அது அடங்கச் சற்று நேரமாயிற்று. அக்கா குனிந்தபடி இருந்தார், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. அடுத்த மாதமே கணினிப் பிரிவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கிளை மருத்துவமனைகள் இரண்டிலும் இதே ஏற்பாட்டைச் செய்துதரும் பொறுப்பும் அவருக்கே.

முதல் கிளைக்குப் போன அன்று வரவேற்பில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “உக்காருங்கம்மா. இன்னிக்கு புரோகிராமர் ஒருத்தர் வர்றாராம், எல்லாரும் அவருக்காகத்தான் காத்திருக்கோம்” என்றார்.

“வந்தாச்சு” என்றார் அக்கா. “பிரிண்டர் எங்க இருக்கு?”