மதினி தேர்ந்தெடுத்த மென்பொருள்

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து, நீலமாகி, வரிசையில் போய் உட்காரும். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, மூன்று வருடம் கழித்தும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அந்தக் கணினி இருந்த மேசையில் இப்போது மகளின் பள்ளிப் புத்தகங்கள் இருக்கின்றன.

கணவரின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை அவருக்கு. கணவர் மலையில், ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். வாரம் ஒருமுறைதான் ஜீப்பில் இறங்குவார். மற்ற நாட்களில் எனக்குத் துணை மதினிதான்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. திடீரென்று பார்வை நிலைகுத்தி, கை இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, எதுவும் நடக்காததுபோல் விளையாடப் போய்விடுவாள். மதுரை டாக்டர் முன்னால் ஒருமுறையும் அது வரவில்லை. "அடுத்த தடவை வந்தா போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். மூன்று முறை எடுத்தேன். அதற்குள் போன் நிறைந்துவிட்டது. உள்ளங்கையில் காயை வைத்துப் படமெடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். கணவர் அனுப்பிய அந்தப் படங்களே பாதி இடத்தை அடைத்திருந்தன. வியாபாரிக்குக் காட்ட வேண்டியவை என்று அவற்றைத் தொடாமல், மகளின் வீடியோக்களை வீட்டிலிருந்த பழைய கணினிக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து நீக்கினேன். காயை வைத்துக்கொண்டு மகளை அழித்திருக்கிறேன்.

மதுரைக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, வீடியோக்களைத் திரும்பப் போனுக்கு ஏற்றப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. கணினி நகரவே மறுத்தது. படித்தவள் இல்லையா, தேடிப் படித்தேன். ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் கணினி மெதுவாகும், அவற்றைச் சேர்த்து அடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குக் கணினியோடு வரும் கருவியே போதும் என்றார் ஒருவர். வெளியிலிருந்து இறக்கும் மென்பொருள்தான் நன்றாகச் செய்யும் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் நோட்டில் எழுதி எழுதி அடித்தேன். சிக்னல் கிடைத்தபோது கணவரிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சதச் செய்யி" என்றார். எனக்கு என்ன தெரியும்?

கடைசியில் கணினியோடு வந்ததையே ஓடவிட்டேன். அது எத்தனை சதவீதம் முடிந்தது என்ற எண்ணை மட்டும் காட்டியது. மதினி வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, காலையில இருந்து நாலுலயே நிக்கிது?"

"உள்ள வேல நடக்குது மதினி."

"நடக்குதுன்னு நீ கண்டியாக்கும்? இப்படி உக்காந்திருந்தா எங்க கடையில மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிருவாக."

இன்னொன்று இருக்கிறது என்று சொல்லி, அதன் படத்தைப் போனில் காட்டினேன். கட்டங்களைப் பார்த்ததும் மதினிக்குப் பிடித்துப்போயிற்று. "இதப் போடு. பெருசு ஒருபக்கம், வெடிச்சது ஒருபக்கம்னு நாங்க பொறுக்குற மாதிரியே பொறுக்குது பாரு. கண்ணுக்குத் தெரியுற சோலியத்தான் நம்பணும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, ஏதோ நடக்கிறது என்று பார்ப்பது. முதலில் ஓடியதை நிறுத்திவிட்டு அதைப் போட்டேன். பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. பயந்தேன். "காய் விழுகுற சத்தம்டி" என்று மதினி சிரித்தார். மகளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டங்கள் நின்றன. பிறகு திரை கறுத்தது.

கணினிக் கடைக்காரர் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டிஸ்க்கே போயிருச்சுக்கா. இதுல எதப் போட்டிருந்தாலும் இந்தக் கதிதான். காப்பி பாதியில நின்னப்பவே ஓட்டாம கழட்டிக் கொண்டாந்திருந்தா எதையாவது தேத்தியிருக்கலாம்." நான் இரண்டு நாள் நோட்டில் எடைபோட்ட இரண்டுமே தப்பான கேள்விக்கான பதில்கள். "நாந்தான் போடச் சொன்னேன்" என்றார் மதினி. அதைக் கடைக்காரரிடம்தான் சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை.

மதுரைக்கு இருவரும்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். வீடியோ இல்லை என்றதும் டாக்டர் கோபப்படவில்லை. "சரி, சொல்லுங்க. எந்தக் கை முதல்ல இழுக்கும்?"

"இடது" என்றேன்.

"வலது" என்றார் மதினி, அதே நேரத்தில்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இல்ல, வலதுதான் போல" என்றேன் நான். "அவ பெத்தவ, அவ சொல்றதுதான் சரியா இருக்கும்" என்றார் மதினி. டாக்டர் எழுத எடுத்த பேனாவை மூடினார். "பரவால்லம்மா. அடுத்த தடவை அது வரும்போது வீடியோ எடுத்து வச்சிருங்க."

போடி பஸ்ஸில் மகள் மதினியின் மடியில் தூங்கினாள். அது மறுபடி வரவே கூடாது என்று வழியிலிருந்த கோயிலையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே போன நான், திரும்பும்போது போனைக் கையில் பிடித்தபடி, மகளின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.