டிவிடியில் கட்டிய சிவப்பு அட்டை

பிள்ளைகளே, சின்னவன் முதன்முதலாக நடந்த வீடியோவை ரீரைட்டபிள் டிவிடியில் ஏன் பதிந்தேன் என்று இன்னமும் என்னைக் கேலி செய்கிறீர்கள். பலமுறை அழித்து எழுதலாம் என்றார் கடைக்காரர். அவ்வளவு தாங்குவது கெட்டியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். யாராவது அழித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அதனால் நான் வேலை பார்க்கும் பவர் ஹவுஸில் ரிப்பேர் நேரத்தில் சுவிட்சில் மாட்டும் ‘போடாதே’ என்ற சிவப்பு அட்டையைப் போலவே ஒன்று செய்து உறையில் கட்டினேன். ஒருவரும் தொடவில்லை. அழித்து எழுதும் வகை அதிக வருஷம் தாங்காதாம்; டிவிடி தானாகவே கெட்டுப்போனது.

போன வாரம் வடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் மீட்டுத் தந்தது பாதிதான்; எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அதில் சின்னவன் எழுந்து நிற்கிறான், விழுகிறான். நடக்கும் இடம் இல்லை.

“அட்டை மட்டும் புதுசாவே இருக்குப்பா,” என்றாள் பெரியவள்.

“அப்ப நான் இன்னும் நடக்கவே இல்லையாம்மா?” என்றான் சின்னவன்.

“நீ நடந்ததை நான் பாத்தேன்டா. போய் பால் பாக்கெட் வாங்கிக்கினு வா,” என்றாள் உங்கள் அம்மா.

மறுநாள் நீங்கள் கிளம்பிய பிறகு, மிஞ்சியதை இரண்டு பென்டிரைவில் ஏற்றினேன். பழைய அட்டையை அவிழ்த்து ஒன்றில் கட்டினேன். மற்றதற்குப் புதிதாக ஒரு அட்டை வெட்டினேன்.