அம்மாவின் பல்லிடுக்கு

சித்தூரில் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். வீங்கியிருந்த ஈறு வற்றியது. வற்றிய இடத்தில், மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறோரமாக ஓர் இடுக்கு கறுப்பு முக்கோணமாகத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். இறந்துபோன அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே கறுப்பு இருந்தது.

எனக்கு முன்னால் அந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டவர் என் அப்பா, நைனா. அவருக்கு நினைவு தப்பி நாளாகிறது. அம்மா செத்ததைச் சொன்னாலும் மனதில் நிற்காது. அவள் போனதிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று நான் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டியதும் என் வாயையே பார்த்தார்.

"எங்கடி போயிருந்த இத்தினி நாளு?" என்று கேட்டுவிட்டு முழுத்தட்டையும் காலி செய்தார்.

அப்புறம் தினமும் அதுதான். நான் சிரித்தால் சாப்பிடுவார். நைனா தேறிவிட்டார் என்று அண்ணனுக்குச் சந்தோஷம், எனக்குப் பயம். ஏதோ பழைய சண்டைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார், என்னவென்று தெரியாமலே தலையாட்டினேன். பல் துலக்கினால் கண்ணாடியிலிருந்து அம்மா பார்த்தாள். அம்மா என்றால் எனக்கு உயிர். ஆனாலும் அவள் என் வாய்க்குள் வந்து குடியிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பதிக்குப் போய்வருகிறேன் என்றதும் நைனா மலைக்குத்தான் என்று நினைத்து, கும்பிட்டு அனுப்பினார். அங்கே பல் டாக்டரம்மா தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். வற்றிய ஈறு தானாக வளராதாம். வேறிடத்துச் சதையை எடுத்து வைத்துத் தைக்கலாம், அது எல்லாருக்கும் ஒட்டாது. கம்பி போட்டு நெருக்கினால் மாதக்கணக்காகும். பல்லின் மேல் மெல்லிய ஓடு ஒட்டலாம். இல்லையென்றால் பல் நிறப் பசையை இடுக்கில் பூசி ஒரே நாளில் மூடலாம். ஒரே நாள் என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி, கையில் கண்ணாடி கொடுத்தார்கள். அதில் நான் மட்டும் இருந்தேன். அப்பாடா என்றிருந்தது.

வடமாலபேட்டை, புத்தூர் தாண்டி எங்கள் ஊர் நகரி வந்து இறங்கினால், காலையிலிருந்து நைனா எதையும் தொடவில்லை என்றார் அண்ணி. சோறு போட்டு எடுத்துப்போய்ச் சிரித்தேன். என் வாயைப் பார்த்தவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரும்மா நீ? எங்க வீட்ல திருப்பதி போயிருக்கா. வந்துருவா, உக்காரும்மா."

உன் மகள் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார். அவள் வரட்டும், அப்புறம் சோறு என்றார்.

நைனா சாப்பிட்ட தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள், அவருக்கு முன்னால் ஒரு வாய் வைக்கமாட்டாள். எனக்கு எப்போதும் அதில் கோபம். அன்று வேறு வழி தெரியவில்லை.

"நீ துன்னாதான நைனா அம்மா துன்னும்? காலையிலர்ந்து பட்டினியா கீது."

உடனே தட்டை இழுத்துக்கொண்டார். பாதியோடு நிறுத்தி, மீதியை ஒழுங்காக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவர் கண்ணயர்ந்ததும் அந்த மீதியை அதே தட்டில் நான் சாப்பிட்டேன். விழித்துக்கொண்டவர், அவள் சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டாங்க என்றேன்.