பூஜ்யத்துக்குத் திரும்பாத எடைமேடை

எண்ணூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இயந்திரங்கள் இருந்த இடத்தில் இருந்தன, நானும் இருந்த இடத்தில் இருந்தேன். பாதி ஆயுள் அப்படிப் போயிற்று. தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைகளைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இங்கே இயந்திரம் ஓரிடம், நான் ஓரிடம். காலையில் போனில் இடம் வரும், பைக்கை எடுக்க வேண்டியதுதான். ராயபுரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினால், கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கும் சாலையோரச் சாக்கடைக்கும் நடுவே ஒரு பைக் அகலத்துக்கு வழி இருக்கும். அதில் உயிரோடு போய்ச் சேர்வதே பாதி உத்தியோகம். மீதிக்குத்தான் சம்பளம்.

கம்பெனியின் சட்டம் எளிமையானது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். பழுது பார்த்த இடத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபடி புகார் வந்தால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். இதைச் சொன்ன மேனேஜர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தனியாகப் போன முதல் வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில். சிமென்ட் பள்ளத்துக்குள், தரையோடு தரையாக ஒரு இரும்பு மேடை. சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு. மேடை எந்தப் பக்கமும் இடிக்காமல் நின்றால்தான் எடை ஒழுங்காக வரும். அங்கே லாரி இறங்கிப் போன பின்பும் திரையில் நாற்பது கிலோ நின்றது. காலி மேடைக்கு நாற்பது கிலோ.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடைச்சீட்டு போடுவது ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். தம்பிகள் கடலுக்குப் போகிறார்கள், இவர் இரும்போடு மல்லுக்கட்டுகிறார். ஹாரன் அடிக்கும் டிரைவர்களை ஒரே அதட்டலில் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"இன்னா தம்பி, புச்சா? பழைய ஆளு எங்க?"

"வேலைய வுட்டுட்டாருக்கா."

"வுட்டாரா, வுட வெச்சாங்களா?"

பள்ளத்தில் இறங்கினேன். மேடைக்கு அடியில் எடையை உணரும் பாகங்களில் ஒன்று செத்திருந்தது. மாற்றினேன். திரை பூஜ்யத்துக்கு வந்தது. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாக இருந்ததாலோ என்னவோ, மூன்று புள்ளிக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். பொதுவாக நான் வேலைக்குப் போன இடத்தில் வீட்டுக் கதை பேசுகிறவன் இல்லை.

"பசங்க கீறாங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க. பெரியவ காலேஜு."

"ஒன்னும் ஆவாது போ. நான் பாத்துக்கறேன்."

எடைச்சீட்டு போடுகிறவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

மறுவாரமே அங்கிருந்து புகார் வந்தது. புகார் கொடுப்பது அக்கா இல்லை, முதலாளியின் ஆபீஸ். இந்த முறை காலி மேடையில் இருபது கிலோ. நான் மாற்றிய பாகத்தில் கோளாறு இல்லை. கம்பியை விட்டு இடுக்கைத் துழாவினேன். துருச் செதில், சேறு, பாக்குப் பொட்டலம், சிரட்டைச் சில்லு, ஒரு செருப்பு வார் என்று ஊர்க் குப்பை மொத்தமும் வந்தது. எல்லாவற்றையும் எடுத்ததும் பூஜ்யம் வந்தது. சாத்தாங்காட்டில் குப்பை இருப்பது அதிசயமா என்று வாரிப் போட்டுவிட்டு வந்தேன். முதல் புள்ளி.

சில நாள் கழித்து மறுபடியும் அதே புகார். மறுபடியும் இடுக்கு, மறுபடியும் கம்பி, மறுபடியும் பூஜ்யம். இரண்டாவது புள்ளி. பள்ளத்தின் சுவரைச் சந்தேகப்பட்டேன், லாரி டிரைவர்களைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன். பயமாக இருந்தது. அதை மறைக்க வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த மனைவியிடம், "ஏத்து, ஏத்து, எடமேட சரியாயிடும்" என்றேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது முறை சரிசெய்த மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமல், மார்க்கெட் திறக்கும் முன்பே போய் நின்றேன். அக்கா மேடையின் மூலையில் நின்றிருந்தார். கையில் மஞ்சள் தடவிய தேங்காய், அதன் தலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி அறைக்கு ஒரு சுற்று, மேடைக்கு ஒரு சுற்று காட்டினார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேடையின் இரும்பு விளிம்பில் ஓங்கி அடித்தார். தேங்காய் சுக்குநூறாகப் போயிற்று. அதில் ஒரு சில்லு, தபால் பெட்டியில் கடிதம் விழுவதைப் போல, நேராக இடுக்குக்குள் போவதைப் பார்த்தேன்.

ஓடிப்போய் நின்றேன்.

"யக்கா, இத்த எப்பல்லாம் ஒடைக்கிறீங்க?"

"நீ ரிப்பேரு பண்ணிட்டுப் போற மறுநா காத்தால. மொத தபா சின்னதா ஒன்னு. அப்பால கம்ப்ளெயின்ட் வந்துச்சா, பெர்சா ஒன்னு. இது அத்தவுட பெர்சு."

"எதுக்குக்கா?"

"உனுக்குத்தான் தம்பி. வேல நெலைக்க வாணாமா? ரெண்டு பொட்டப் புள்ளைய வெச்சிகினு எங்க போவ நீ?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. பழைய கம்பெனியை மூடியதிலிருந்து என் வேலை நிலைக்க வேண்டும் என்று என் வீட்டுக்கு வெளியே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்த ஒருத்தர் இதோ நிற்கிறார். அவர் ஒவ்வொரு தேங்காயாக என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருக்கிறார். நான் எத்தனை முறை சரிசெய்கிறேனோ அவ்வளவு பெரிய தேங்காய்.

குந்தி உட்கார்ந்து கம்பியை விட்டேன். சில்லு மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி மாட்டியிருந்தது. நெம்பி எடுத்து, அவர் பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாது அது?"

"துருக்கா." சொல்லிவிட்டு எழுந்தேன். "அடுத்த தபா வாசல் கேட்டாண்ட, ரோட்ல ஒடைங்க. இங்க ஒடச்சா ஓடு டயர்ல குத்தும்."

"டிரைவருங்களும் அதான் பேஜாரு பண்றானுங்க. செரி."

மற்ற சில்லுகளையும் பெருக்கி அள்ளினேன். முதலாளியின் ஆபீஸ் திறந்தபோது திரையில் பூஜ்யம் நின்றது. மேனேஜர் போனில் இரண்டு புகாருக்கும் காரணம் கேட்டார். எலி என்றேன். வடசென்னையில் எலியைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மூன்றாவது புள்ளி விழவில்லை. ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமானது. மெழுகுவத்தியின் பலன் என்றாள் மனைவி. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அடுத்த முறை சாத்தாங்காட்டுப் பக்கம் போனபோது அக்காவுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன்.

"பாத்தியா? மூணாவது தேங்கா வேல செஞ்சிருச்சு" என்றார். முகமெல்லாம் பெருமை. ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்போ இன்மே ஒடைக்க வாணாம்ல?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"ஒடைங்கக்கா" என்றேன். "கேட்டாண்ட."