ஐந்தாம் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்லிஸ் டோர்கல்சன் முப்பத்தொரு வருஷம் ஆல்டர் ஃபால்ஸ் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டினாள். விஸ்கான்சின் குளிரில், பனி மூடிய சாலையில், பின்னால் ஐம்பது பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் அவர்களை அடக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். கதை சொல்வாள். பள்ளிக்கூட வாசல் வந்ததும் "மிச்சம் நாளைக்கு" என்று நிறுத்திவிடுவாள். மறுநாள் காய்ச்சலோடு வந்து ஏறிய பிள்ளைகள் உண்டு.

மற்றபடி அவளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் ஊர் நினைத்தது. கணவன் வால்ட் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வியாழக்கிழமை சாயங்காலம் தேவாலயத்துச் சமையலறைக்குப் போய், மறுநாள் மீன் வறுவல் விருந்துக்கு மூட்டை மூட்டையாய் முட்டைக்கோஸ் நறுக்குவாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். அந்தப் பெயரை அவள் எப்படிக் கெடுத்துக்கொண்டாள் என்பதுதான் கதை. நல்லவேளையாகக் கெடுத்துக்கொண்டாள்.

லவான் ரீனெக்கும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிநேகிதிகள். அறுபது வயதுக்கு மேல் இருவருக்கும் ஒரே பைத்தியம் பிடித்தது. ஆம்ப்ரோஸ் என்கிற நானூறு வயது ரத்தக்காட்டேரிக்கும், தேனீ வளர்க்கும் டெல்லாவுக்கும் நடுவே நடக்கும் காதலைப் பற்றிய நாவல் வரிசை அது. வருஷத்துக்கு ஒரு புத்தகம் வரும். யார் முதலில் படிப்பது என்று இருவரும் சண்டை போடுவார்கள். பிறகு லவானின் கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சண்டைக்கே வழியில்லாமல் போயிற்று. பார்வையற்றவர்களுக்கென்று தபாலில் வரும் பேசும் புத்தகத்தை அவள் ஒரே நாளில் திருப்பி அனுப்பினாள். "மருந்துக்கடைக்கு ஃபோன் பண்ணா ஒரு மெஷின் குரல் பேசுமே, அது காதலிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள். அதனால் திங்களும் புதனும் மத்தியானம் மார்லிஸ் வந்து படித்துக் காட்டத் தொடங்கினாள்.

முதல் நான்கு புத்தகங்கள் தங்கம். ஐந்தாவதிலிருந்து கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் குதிரையிலிருந்து விழுந்து நினைவை இழக்கிறான். டெல்லாவை யாரென்றே தெரியாமல், அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறான். நானூறு வருஷம் சாகாதவனுக்குக் குதிரையிலிருந்து விழுந்தால் மண்டை கலங்குமாம். எழுதிய அம்மாளுக்கு அன்று என்ன வந்ததோ.

வண்டி ஓட்டியவளின் கண் எப்போதும் வாயைவிட ரெண்டு வரி முன்னால் போகும். மார்லிஸ் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். எதிரே லவான் ஆறிப்போன காப்பிக் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருக்கும் பார்வையும் இனி நிற்காது என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"'குளிருது, உள்ள வா'ன்னான் ஆம்ப்ரோஸ்" என்று மார்லிஸ் வாய் சொல்லிவிட்டது. புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

ஒரு வரியோடு நிற்கக்கூடிய காரியமா அது. ஆறாவது புத்தகத்தில் இருநூறு பக்கத்துக்கு ஒரே கல்யாணம், அதில் பாதி விருந்தினர் பட்டியல். மார்லிஸ் சொன்ன ஆறாவதில், பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு பேருந்து பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறது. குளிர் உறைக்காத ஆம்ப்ரோஸ் அதை விடியவிடியத் தோளால் தள்ளிக்கொண்டு வருகிறான். லவானுக்கோ யானை ஞாபகம். "தேன்கூட்டையெல்லாம் போன புத்தகத்துலயே வித்துட்டாளேடி" என்று மடக்குவாள். அதனால் தான் சொன்னதையெல்லாம் மார்லிஸ் கடைச் சீட்டுகளின் பின்புறம் குறித்து, பக்கங்களுக்கு நடுவே செருகி வைத்தாள். ஊரெல்லாம் ஏழாவது புத்தகத்தைக் குப்பை என்றபோது லவான் மட்டும், போகப்போக மெருகேறுகிறது என்றாள்.

நூலகத்தில் மாதம் ஒரு வியாழக்கிழமை வாசகர் கூட்டம் உண்டு. லவான் நெடுநாளாக அங்கே போவதில்லை. அம்மா வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாளே என்று மகள் கார்லா ஒருநாள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மார்லிஸ் அந்நேரம் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வந்தபோது, லவானின் சமையல் மேடையில் நாலு கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. இறைச்சியும் காளான் சூப்பும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வேகவைத்தவை. அடியில் ஒட்டிய தாளில் கொண்டுவந்தவளின் பெயர். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இந்தத் தட்டு வந்தால் அங்கே சாவு விழுந்திருக்கிறது, இல்லை விழப்போகிறது என்று அர்த்தம்.

"யாருடி செத்தா?" என்றாள் லவான். "நாலு பேர் வந்துட்டுப் போயாச்சு. என் கையைத் தடவுறாளுங்க. கேட்டா ஒருத்தியும் வாயைத் திறக்கல."

"வியாழக்கிழமை கூட்டத்துல ஏதாவது நடந்துச்சா?"

"என்ன நடக்கும். பெவ் லிண்ட்னர், ஆறாவதுல கல்யாணம் இருநூறு பக்கம்னு ஒரே புலம்பல். எந்தக் கல்யாணம்டின்னேன். பனிப்புயல், பஸ்ஸு, அவன் தள்ளிக்கிட்டு வந்தது, எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் பெவ், 'ஓ, அது வேற மாதிரி இருக்கே'ன்னா. குடிச்சிருந்தாளோ என்னவோ."

தட்டுகள் எதற்கென்று மார்லிஸுக்குப் புரிந்துபோயிற்று. எங்கள் பெண்கள் முகத்துக்கு நேரே "நீ சொல்வது தப்பு" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாக்கு வெந்துபோகும். நேராக வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

அப்போது கார்லாவின் கார் வந்து நின்றது. அவள் மார்லிஸை வெளியே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள்.

"வெள்ளிக்கிழமை மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். முதியோர் இல்லத்துல ஒரு அறை காலியா இருக்கு, மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன்னாங்க. வாரம் ரெண்டு நாள் நீங்க கூட இருக்கீங்க. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தடுமாறல கார்லா. பஸ்ஸு என்னுது."

எல்லாவற்றையும் சொன்னாள். கார்லா முதலில் நம்பவில்லை. மார்லிஸ் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, செருகியிருந்த சீட்டுகளைக் காட்டினாள். கார்லா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இல்லத்துக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள்.

அது எவ்வளவு சௌகரியமான வழி. மார்லிஸ் மனசுக்குள் ஒரு நிமிஷம் அதில் நடந்தும் பார்த்தாள். ஆனால் அடுத்த கூட்டத்திலும் லவான் வாயைத் திறப்பாள். இன்னும் நாலு தட்டு வரும். இவள் நல்ல மனசோடு சொன்ன பொய்யைக் கட்டிக்கொண்டு, அவள் ஊருக்கு முன்னால் பைத்தியமாய் நிற்பாள். மார்லிஸ் உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

லவான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"அஞ்சாவது புத்தகம். நூத்திப் பன்னிரண்டு."

"அந்த நாய்? ஆம்ப்ரோஸ் மடியில வச்சு அழுதானே?"

"நாயும் நான்தான்."

"கண்ணு போனதுலேர்ந்து நான் என்ன திங்கணும், எங்க உக்காரணும், எல்லாத்தையும் அடுத்தவங்கதான் முடிவு பண்றாங்க. உள்ளதை உள்ளபடி எனக்குச் சொல்றவ நீ ஒருத்திதான்னு நினைச்சிருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு எது தாங்கும்னு நீ யாரு முடிவு பண்ண?"

கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தாள் மார்லிஸ்.

"எங்க போற? உக்காரு. நூத்திப் பன்னிரண்டுலேர்ந்து படி. ஒரு எழுத்து விடக்கூடாது."

மூன்று வாரம் படித்தாள். திங்கள், புதன் போதாமல் தினமும் வந்தாள். குதிரை, மறதி, கல்யாணம், விருந்தினர் பட்டியல் என்று எதையும் விடவில்லை. லவான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஏழாவதின் கடைசிப் பக்கம் முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றாள். நாடு முழுக்க லட்சம் பேர் கேட்ட கேள்வி அது. கொஞ்சம் தாமதமாக அவளுக்கும் கேட்கக் கிடைத்தது.

அடுத்த கூட்டத்துக்கு மார்லிஸே அவளை அழைத்துப் போனாள். முட்டைக்கோஸை அன்று வேறு யாரோ நறுக்கினார்கள். நடந்ததை எல்லார் முன்னாலும் மார்லிஸ் எழுந்து நின்று சொன்னாள். காது வரை சிவந்துபோயிருந்தாள். பிறகு லவான் ஆரம்பித்தாள். ஆம்ப்ரோஸை எப்படிக் கெடுத்தார்கள், டெல்லாவை எப்படி மக்காக்கினார்கள் என்று இருபது நிமிஷம் நிறுத்தாமல் பிய்த்து உதறினாள். பெவ் கண்ணில் நீர் வரச் சிரித்து, "ஆமாம், அதேதான், அதேதான்" என்று மேஜையைத் தட்டினாள். ஊரோடு சேர்ந்து ஏமாந்ததில் லவானின் முகம் அப்படியொரு களையாக இருந்தது. கார்லா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், காரில் பாதி தூரம் வந்ததும் லவான் கூப்பிட்டாள்.

"மார்லிஸ்."

"ம்."

"அவன் அவளை மறந்துட்டுப் போனதை அன்னிக்கு நீ படிச்சிருந்தா, நான் போய்ப் படுத்திருப்பேன். எழுந்திருக்க மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் புதன்கிழமைக்காகத்தான் உயிரோட இருந்தேன். அதுக்கு நன்றி." பிறகு, "இனிமே பண்ணாத" என்றாள்.

"பண்ணமாட்டேன்."

"எட்டாவது எப்ப வருது?"

"அக்டோபர்ல. இதைவிட மோசமா இருக்கும்னு பேசிக்கறாங்க."

"இருக்கட்டும்" என்றாள் லவான். "இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே ஏமாறுவோம்."