குறை சொன்ன விமலா அக்கா

விமலா அக்கா இறந்த செய்தி காலையில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாரடைப்பு என்றார்கள். அதை நான் நம்பி முடிப்பதற்குள் அனுதாப வரிகள் குவிந்துவிட்டன. "ரொம்பப் பொறுமையானவங்க." "யாரையும் ஒரு குறை சொன்னதில்ல." மறுநாள் புக்கிட் காத்திலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவருடைய கணவர் ராஜு அண்ணனும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னார். "எதுக்கும் வாய் தொறக்க மாட்டாம்மா."

அழுகிறவரிடம் மறுத்துப் பேச மனம் வரவில்லை. அதனால் அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். விமலா அக்கா வாய் திறந்தார். பலமுறை திறந்தார். அப்போது காதை மூடிக்கொண்டவர்கள் இப்போது அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறார்கள்.

அவர்களுடைய எஸ்யூவியை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று வரிசை இருக்கைகள். முன்னால் ராஜு அண்ணனும் அவருடைய அப்பாவும், நடுவில் உறவினர்கள், கடைசி வரிசையில் முழங்கால் மார்பில் இடிக்க அக்காவும் மகள் தர்ஷினியும். ஜாசினுக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பின்சக்கரத்துப் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். ஓட்டுகிற இடத்தில் அது கேட்பதில்லை. பாட்டு வேறு ஓடும்.

"உனக்குக் காதுலதான் கோளாறு" என்றார் ராஜு அண்ணன்.

"காதுல இருந்து வந்தா வீட்லயும்தானே கேக்கணும்? வீட்ல உங்க சத்தம் மட்டுந்தான் கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி.

பட்டறைக்கு இரண்டு முறை போனார்கள். முதல் முறை, உதிரிச் சக்கரத்துக்கு அருகே கிடந்த ஜாக்கியும் ஸ்பேனரும் உருள்கின்றன என்று துணி சுற்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை குலுக்கலைத் தாங்கும் பின்பக்க அப்சோர்பர் இரண்டையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரரும் ராஜு அண்ணனும் முன்னிருக்கையில் உட்கார்ந்து, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சத்தமே இல்லை என்று முடிவு செய்தார்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு போகவும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு தர்ஷினிக்கு வடக்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் முழுக் குடும்பமும் போய் அவளை விட்டுவருவதாகத் திட்டம். சனிக்கிழமை காலை அக்கா மகளுடைய பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டார்.

"அந்தச் சத்தத்து மேல என் புள்ளைய உக்கார வைக்க மாட்டேன். நானும் ஏறல, அவளும் ஏற மாட்டா."

அப்போது பக்கத்து வரிசை வீட்டில் குடியிருந்த என்னை ராஜு அண்ணன் கூப்பிட்டார். "மறுபடி பட்டறைக்குப் போறோம், நீயும் வாம்மா, இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு." அப்படித்தான் நானும் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் சலித்துக்கொண்டார். "அக்கா, எஸ்யூவில இதெல்லாம் நார்மல்லா. ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வைங்க." சொல்லிவிட்டு ராஜு அண்ணனைப் பார்த்துக் கண் சிமிட்டினார். வண்டியை மேலே தூக்குவதற்கு ஆளைக் கூப்பிட்டார்.

"தூக்காதே தம்பி" என்றார் அக்கா. "ஆள் நெறைஞ்சாத்தானே கேக்குது? காலி வண்டியத் தூக்கிப் பாத்தா என்ன தெரியும்? ஆள ஏத்து."

என்னையும் தர்ஷினியையும் கடைசி வரிசையில் ஏற்றினார். ராஜு அண்ணனையும்தான். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முழங்காலை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா பின்பம்பரைப் பிடித்து வண்டியை அழுத்தி அழுத்தி விட்டார். சக்கரங்கள் தரையிலேயே இருக்க, பட்டறைக்காரர் பலகையில் படுத்து அடியில் நகர்ந்தார்.

டொக். எங்கள் இருக்கைக்கு நேர் கீழே.

பட்டறைக்காரர் அடியிலிருந்து வெளியே நகர்ந்து வந்தார். பிறகு, "அண்ணே, எறங்கி வாங்க" என்றார். பின்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கையின் மூட்டிலிருந்த ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. போல்ட் ஆடியது. நட்டு பாதிக்கு மேல் கழன்று நின்றது. வண்டியைத் தூக்கினால் சக்கரம் தொங்கி அந்தக் கை ஒரு பக்கமாக இறுகிவிடும், ஆட்டம் தெரியாது. பாரம் இறங்கினால்தான் தெரியும். நெடுஞ்சாலையில் அது முழுதாகக் கழன்றிருந்தால் என்று அவர் ஆரம்பித்தார், தர்ஷினியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

புது கையும் போல்ட்டும் மாற்றி, சக்கரக் கோணத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார். சாவியை நீட்டியபடி ராஜு அண்ணனிடம் சொன்னார்: "நல்ல வேளண்ணே, நீங்க விடாம பாத்தீங்க."

"யாரு பாத்தது?" என்று அக்கா கேட்டார்.

பட்டறைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ராஜு அண்ணனும் சிரித்தார். பழக்கத்தில் நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பதில் வரும்வரை அங்கேயே நின்றார். "நீங்கதான்க்கா" என்று அந்த மனிதர் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினார்.

வீடு திரும்பும் வழியில் அக்கா என்னிடம் சொன்னார். "குறையச் சொல்லிட்டுச் சிரிக்காதம்மா. சிரிச்சா அது குறையே இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

மறுநாள் தர்ஷினி அதே கடைசி இருக்கையில் உட்கார்ந்து பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு விருந்துகளில் இந்தக் கதையை ராஜு அண்ணன் சொல்லும்போதெல்லாம் அது "நாங்க கண்டுபிடிச்சோம்" என்று ஆனது. அக்கா ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டுத் திருத்தினார். இனிமேல் திருத்த அவர் இல்லை.

ராஜு அண்ணன் கெட்டவர் அல்ல. இதை அவர் படிப்பார், வருந்துவார் என்று தெரியும். விமலா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சிரிக்காத முகத்தை. எனக்கு அது எளிதில் வருவதில்லை. இப்போதும், கடைசியில் எல்லோரையும் சமாதானப்படுத்த இதமாக ஒரு வரி சேர்க்கக் கை போகிறது. சேர்க்கவில்லை.