கீபோர்டைப் பார்க்காமல் பேசும் உலகம்மை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மெயினை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊராட்சியில் உலகம்மை வார்டு உறுப்பினர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னது அவர் மடியில் இருந்த லேப்டாப். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை ஓட்டினார். ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதைப் போல அந்த வார்த்தைகளைச் சொன்னது.

பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றியவர். பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டார். புருஷன் செல்லப்பா பெயிண்டர்; வேலை இருந்தால் சைக்கிளை எடுப்பார், இல்லாவிட்டால் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்செல்லாம் உலகம்மையின் பொறுப்பு. 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் முதலில் கேட்கிற ஆள் இவர்தானே என்று அவர் குடியிருக்கும் கடைசித் தெருப் பெண்கள் சேர்ந்து நிறுத்தினார்கள். பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரசாரத்துக்கு மைக் செட் வாடகைக்கு எடுக்கவில்லை. அவர் தெருமுனையில் நின்று பேசினால் அடுத்த தெருவில் கதவு திறக்கும் என்பார்கள்.

அடுத்த வருஷக் கடைசியில் தொண்டை கட்டியது. பீடித் தூள் என்று நினைத்துக் கஷாயம் குடித்தார். இரண்டு மாதம் ஆகியும் தெளியாமல் போகவே செல்லப்பா திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். குரல்வளையில் புற்று என்றார்கள். 2023 மார்ச்சில் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துவாரம். மூச்சு இனி அதன் வழியாகத்தான். கண் விழித்ததும் ஒரு நோட்டை வாங்கி, "பேச்சு திரும்ப வருமா?" என்று எழுதிக் காட்டியிருக்கிறார். டாக்டர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல், பழைய குரல் வராது, வேறு வழிகள் பார்க்கலாம் என்று சொன்னார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆன இடம் தடித்திருந்ததால் சத்தம் வந்ததே தவிர வார்த்தை பிரியவில்லை. இரண்டு மாதம் முயன்றுவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புகையிலைத் தூள் பக்கமே போகக் கூடாது என்றதால் பீடிச் சுளகையும் எடுத்து வைத்தாயிற்று.

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. நோட்டில் எழுதிக் காட்டினால், அவரிடம் வருகிற பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. போனில் அடித்தால் அது வாசிக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் செய்து பார்த்தார். ஒருநாள் தங்கபுஷ்பம் என்கிற பெண், புருஷன் இறந்து ஆறு மாதமாகியும் விதவைப் பென்ஷன் வரவில்லை என்று வந்து நின்றாள். உலகம்மை குனிந்து ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "ஆதார்ல பேரு எப்படி இருக்கு, அதக் கொண்டா" என்று அடித்து முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆளைக் காணோம். அக்கா ஏதோ போன் பார்க்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்துப் போய்விட்டிருக்கிறாள்.

"அன்னைக்குத்தான் அழுதேன்," என்றார் என்னிடம். "ஆபரேஷனுக்கு அழல. தலைய குனிஞ்சா ஆளு போயிருதா. மூஞ்சியப் பாக்காமப் பேசுனா அது பேச்சா?"

அந்தப் பென்ஷன் மனுவை ஆன்லைனில் பதியத்தான் தங்கபுஷ்பத்தைத் தேடிப் பிடித்து மிஸ்ரியாவிடம் கூட்டிப்போனார். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவர் மிஸ்ரியா. ஐம்பதை நெருங்கும் வயது, வாய் ஓயாது. அன்றைக்கும் தங்கபுஷ்பத்திடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீடு ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. கேள்வி முடியும்போது மனுவும் முடிந்திருந்தது.

உலகம்மை எழுந்து போய் மேசைக்குப் பின்னால் நின்று அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு நோட்டில், "எனக்கு இது வேணும்" என்று எழுதினார். பிரிண்டர் வேண்டுமென்கிறார் என்று மிஸ்ரியா முதலில் நினைத்தாராம்.

விஷயம் புரிந்ததும் மிஸ்ரியா அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார். தமிழ் டைப்பிங் கற்றுக்கொடுக்கிற இலவச சாஃப்ட்வேர் ஒன்றை அதில் ஏற்றினார். எண்டர் தட்டினால் அடித்த வரியைச் சத்தமாக வாசிக்கும்படி இன்னொன்றும் போட்டுக்கொடுத்தார். "ஒரு வாரம் வச்சுப் பாருங்கக்கா. கை வரலன்னா கொண்டு வந்து குடுத்திருங்க," என்றார்.

ஜூன் மாதம். சாரல் தொடங்கி, ரோட்டில் குற்றால அருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் வேன்கள் வரிசை கட்டி நின்றன. உலகம்மை அடுக்களை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முதல் பாடத்தைத் திறந்தார். திரையில் இரண்டு கைகளின் படம். எந்த விரல் அசைய வேண்டுமோ அது நிறம் மாறும். இடது கைக்கு அ, இ, உ. வலது கைக்கு ப, ம, த, ந. சரியாக அடித்தால் எழுத்து பச்சையாகும், தப்பினால் சிவப்பாகி அங்கேயே நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வராவிட்டால் அடுத்த பாடம் திறக்காது. முதல் வாரம் முழுக்க அது, இது, உப்பு, பத்து, தம்பி. இந்த ஐந்து வார்த்தைகளுக்கு மேல் அவரால் நகர முடியவில்லை. நிமிஷத்துக்கு நான்கு வார்த்தை என்று காட்டியது.

முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பீடி சுற்றிய விரல்கள்தானே, சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்று அவரும் நம்பினார். ஆட்காட்டி விரல்கள் சொன்னபடி கேட்டன. சுண்டுவிரல் கேட்கவில்லை. தமிழில் 'ஆ' இல்லாமல் ஒரு வரி நகராது. அந்த 'ஆ' இடது சுண்டுவிரலுக்கு மேலே இருக்கிறது. அதைத் தொடப் போனால் கை முழுக்க இடம் பெயரும். செல்லப்பாவின் கைத்துண்டை இரண்டு கைகளின் மேலும் போட்டு மூடிக்கொண்டு, காலையில் ஒரு மணி நேரம், மத்தியானம் சோறு வடித்த பிறகு இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தார். ஒரு வாரம் என்று மிஸ்ரியா கொடுத்த லேப்டாப் திரும்பிப் போகவே இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு அவர் வேகம் ஒன்பது வார்த்தைதான். பொறுத்திருக்கலாம், பொறுக்க மனசில்லை. குழாய் வேலை தொடங்கி இரண்டு வருஷமாகியும் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஷெட்டில் கூட்டம். செல்லப்பா மைக்கை லேப்டாப்பின் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். உலகம்மை தலை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்தபடியே அடித்தார். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

வலது கை ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. 'தண்ணீர்' என்று அடித்ததை மெஷின் 'நச்சீ' என்று வாசித்தது. மீதி வரி அதைவிட மோசம். ஷெட்டே சிரித்தது. ஊராட்சிச் செயலரும் சிரித்துவிட்டு, அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். தெருப் பெண்களுக்கு அது ஒரு மாதம் விளையாட்டாக இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு, "நச்சீ எடுக்கப் போறோம்" என்பார்கள்.

அன்று சாயங்காலம் செல்லப்பா, இனி இந்த வேலை வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னாராம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்த்துப் பேசுவதில்லை, சத்தம் போடுவதில்லை. உலகம்மைக்கு அதுவே பொறுக்கவில்லை. லேப்டாப்பை இழுத்து வைத்து, முழுதாக இரண்டு நிமிஷம் தட்டி எண்டரை அமுக்கினார்.

"இங்கேருங்க. எனக்குப் போனது தொண்டைதான். என்னைய நோயாளி மாதிரி நடத்தாதீங்க. நேத்து மீன் கொழம்புல உப்பில்லன்னு மூஞ்சியச் சுளிச்சியள்லா, அத வாயத் தொறந்து சொன்னா என்ன?"

செல்லப்பா மெஷினைப் பார்த்து, "ஆமா, உப்பே இல்ல," என்றார். பிறகு இருவரும் நெடுநேரம் மல்லுக்கு நின்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நல்ல சண்டை போட்டதில்லை என்றார் செல்லப்பா என்னிடம்.

தப்பு எங்கே நடந்தது என்று மிஸ்ரியாதான் கண்டுபிடித்தார். கீபோர்டில் இரண்டு கட்டைகளில் மட்டும் தொட்டால் தெரிகிற மாதிரி சின்ன மேடு இருக்கும். ஆட்காட்டி விரல்கள் இரண்டும் அவற்றைத் தொட்டு உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். சாஃப்ட்வேர் இதை முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தது. அவசரத்தில் உலகம்மை அதைத் தள்ளிவிட்டிருந்தார். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பாடம் முடிந்ததும் தன் சொந்த வரிகளைப் பழகினார்: அதிகாரிகளிடம் கேட்கிற கேள்விகள், மனு கொண்டு வருகிறவர்களிடம் கேட்கிற விவரங்கள். நவம்பரில் பதினாறு வார்த்தை. பொங்கலுக்கு இருபத்தாறு. எழுத்துத் தமிழில் அடித்தால் மெஷின் தடுமாறாது என்று மிஸ்ரியா சொல்லிப் பார்த்தார். உலகம்மை ஒத்துக்கொள்ளவில்லை. அங்கன, இங்கன, சொல்லுதேன், வருதான் என்று தான் பேசுகிறபடியேதான் அடிப்பார். அந்த மெஷின் பட்டணத்துப் பெண் குரலில் "ஏட்டி" என்று சொல்லும்போது சிரிப்பு வரும். ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

2024 ஜனவரி இருபத்தாறு. அதே ஷெட், அதே கூட்டம், ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். எல்லாத் தெருக்களுக்கும் குழாய் இணைப்பு முடிந்துவிட்டது என்று செயலர் அறிக்கை வாசித்தார். உலகம்மை எழுந்தார். விரல்கள் மேடு தேடி உட்கார்ந்ததைப் பக்கத்திலிருந்த செல்லப்பா மட்டும் கவனித்தார்.

"எங்க தெருவுல என்னைக்குத் தோண்டுனீங்க? தேதி சொல்லுங்க."

செயலர் பைலைப் புரட்டினார். அதை அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவர் வாய் மூடுவதற்குள் அடுத்தது வந்தது.

"குழாய் இருக்குன்னு வாசிச்சியள்லா. அதுல தண்ணி வந்த ஒருநாளச் சொல்லுங்க."

செயலர் உலகம்மையைப் பார்ப்பதைத் தவிர்த்து லேப்டாப்பைப் பார்த்தார். உலகம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறது, அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று செயலர் சொன்னதும், கடைசி வரியைத் திரும்ப வாசிக்கிற கட்டையை உலகம்மை அமுக்கினார். அதே கேள்வி. அதே நிதானம். மறுபடியும் அமுக்கினார். மனுஷக் குரலாக இருந்தால் இந்நேரம் உயர்ந்திருக்கும். மரியாதையாகப் பேசும்மா என்று பேச்சை மாற்றியிருப்பார்கள். இந்தக் குரல் உயரவுமில்லை, களைக்கவுமில்லை. நான்காவது முறை கேட்டபோது பின்வரிசையில் ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஒன்றிய அதிகாரி, "சார், பதில் சொல்லிருங்க," என்றார்.

கடைசித் தெருவுக்கு நூற்றெண்பது மீட்டர் முன்னாலேயே பாறை வந்துவிட்டதால் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று செயலர் ஒத்துக்கொண்டார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதினால் போதாது, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுத வேண்டும் என்று உலகம்மை அடித்தார். மார்ச் கடைசி என்று எழுதினார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி நாற்பத்தொரு வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. ஒன்பது நாள் தாமதத்துக்கும் விளக்கம் கேட்டு அவர் ஒரு மனு அடித்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போது அவர் வேகம் முப்பத்தெட்டு. மிஸ்ரியாவுக்கு முப்பத்தாறு. இந்த இரண்டு வார்த்தை வித்தியாசத்தை மிஸ்ரியா லேசில் ஒத்துக்கொள்வதில்லை. இருவரும் சென்டரில் உட்கார்ந்து போட்டிபோடுவதை நானே பார்த்தேன். குரல் போன ஒருவர் அதைத் திரும்பப் பெற்றார் என்று சொன்னால் உலகம்மைக்குப் பிடிக்காது. பழைய குரல் போனது போனதுதான், அதற்காக இப்போதும் சில நாள் வருத்தப்படுகிறேன் என்றார். எனக்கு அவரிடம் வியப்பு வேறொன்றில். ஊரே சிரித்த பிறகு, நாற்பத்தைந்து வயதில், அது இது உப்பு பத்து தம்பி என்று மறுபடி முதல் பாடத்தில் போய் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குப் பரிசோதனைக்குப் போகிறார். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த தேர்தலிலும் நிற்பீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கை நிற்காமல் ஓடியது.

"நிப்பேன். தோத்தாலும் ஒண்ணும் இல்ல. கிராம சபைக்கு ஊர்ல யாரு வேணாலும் வரலாம்லா."